விற்கக் கூடாத பால்

ஒட்டகப் பாலுக்கு வந்திருக்கும் மவுசைக் கவனித்திருப்பீர்கள். பவுடராகக் கிடைக்கிறது. சாக்லேட் வந்துவிட்டது. சோப்பில்கூடக் கலக்கிறார்கள். சர்க்கரை வியாதி ஓடிப்போகும், குழந்தைகளுக்கு ஆட்டிசம் குணமாகும், கிழவனும் குமரனாவான் என்று யாராவது ஒரு நண்பர் உங்கள் செல்போனுக்கும் செய்தி அனுப்பியிருப்பார். பசும்பாலோடு ஒப்பிட்டால் பல மடங்கு விலை. ஆனாலும் வாங்குகிறார்கள்.

வேடிக்கை என்னவென்றால், இந்தியாவில் தலைமுறை தலைமுறையாக ஒட்டகம் வளர்த்தவர்கள் இந்தப் பாலை விற்றதே இல்லை. விற்பது பாவம். பாலை விற்பதும் பெற்ற பிள்ளையை விற்பதும் ஒன்று என்பது அவர்கள் கட்சி. அப்படிப்பட்டவர்கள் பாட்டிலில் அடைத்து விற்கும் நிலைக்கு எப்படி வந்தார்கள்? அந்தக் கதைக்குப் போவதற்கு முன்னால் கொஞ்சம் பின்னோக்கிப் போய்விட்டு வரலாம்.

ஆடு, மாடுகளோடு ஒப்பிட்டால் ஒட்டகம் மனிதனிடம் வந்து சேர்ந்தது ரொம்ப லேட். ஒற்றைத் திமில் ஒட்டகத்தை மனிதன் பழக்கியது சுமார் 3,000 ஆண்டுகளுக்கு முன்னால், அரேபியாவின் தென்கிழக்கு ஓரத்தில் என்கிறார்கள் மரபணு ஆராய்ச்சியாளர்கள். முதுகில் மூட்டை ஏற்றலாம், ஏறி உட்கார்ந்து சண்டைக்குப் போகலாம். எல்லாம் சரி. ஆனால் பாலைவனத்தில் உயிரைப் பிடித்து வைத்தது பால்தான்.

பைபிளின் ஆதியாகமத்தில் ஒரு காட்சி உண்டு. அண்ணன் ஏசாவை ஏமாற்றிவிட்டு ஓடிப்போன யாக்கோபு, பல வருடங்கள் கழித்து ஊர் திரும்புகிறார். எதிரே அண்ணன் 400 ஆட்களோடு வருகிறான் என்று தகவல். வெலவெலத்துப் போகிறார். சமாதானத்துக்காகப் பரிசுகளை முன்னால் அனுப்பிவைக்கிறார். வெள்ளாடு, செம்மறி, மாடு, கழுதை. இவற்றோடு பால் கொடுக்கும் 30 ஒட்டகங்கள், அவற்றின் குட்டிகளோடு! (அந்தக் காலத்தில் அங்கே வளர்ப்பு ஒட்டகம் இருந்திருக்குமா என்று அறிஞர்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அது தனிக் கதை.) குட்டிகளோடு என்பதை மறந்துவிடாதீர்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன். இதே பைபிளின் லேவியராகமம், ஒட்டகத்தைத் தின்னக்கூடாத மிருகங்களின் பட்டியலில் வைத்தது. தின்னக்கூடாத மிருகத்தின் பாலும் ஆகாது என்பது யூதர்களின் விதி. பரிசாகக் கொடுத்த பரம்பரை பாலைக் கைவிட்டது.

கிரேக்க நாட்டு அரிஸ்டாட்டில் ஒட்டகப் பாலைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார். மறுபடி சினைப்படும்வரை ஒட்டகத்துக்குப் பால் வற்றாது என்பது அவர் கவனித்த விஷயம். முதலாம் நூற்றாண்டில் ரோமானியரான பிளினி, தாய்ப்பாலுக்கு அடுத்தபடியாக இனிப்பானது ஒட்டகப் பால்தான் என்று சர்ட்டிஃபிகேட் கொடுத்துவிட்டார். தண்ணீர் கலந்து குடித்தால் பிரமாதமாக இருக்குமாம். நம்மூர்ப் பால்காரர்களுக்குப் பிளினியைத் தெரியாமல் போனது நல்லதே.

சரி, இந்தியாவுக்கு வருவோம். இங்கேதான் கதை சுவாரசியமாகிறது.

சரக சம்ஹிதை எட்டு வகைப் பால்களைப் பட்டியல் போடுகிறது. பசு, எருமை, ஆடு, செம்மறி, குதிரை, யானை, பெண். எட்டாவது, ஒட்டகம். லேசான உப்புச் சுவை, சூடு, சீக்கிரம் செரிக்கும் என்று குணம் சொல்கிறது. வயிற்று உப்புசம், புழு, வீக்கம், மூலம், வயிற்றில் நீர் கோத்துக்கொள்ளும் மகோதரம், இத்தனைக்கும் மருந்து. இந்தப் பக்கம் மனு தர்ம சாஸ்திரம். அதுவும் பாலைப் பற்றிப் பேசுகிறது. ஐந்தாம் அத்தியாயத்தில், ஒட்டகப் பால் கூடவே கூடாது என்று ஒரே போடு. செம்மறியின் பாலும், பிளவுபடாத குளம்புள்ள குதிரை மாதிரி மிருகங்களின் பாலும் அதே தள்ளுபடிப் பட்டியலில். வைத்தியர் குடி என்கிறார். சாஸ்திரம் குடிக்காதே என்கிறது. நோயாளி என்னதான் செய்வான்?

நம்மூருக்கும் ஒட்டகம் புதிதல்ல. எந்தெந்த மிருகத்தின் பெண்ணைப் பெட்டை என்று அழைக்கலாம் என்று சொல்லும் தொல்காப்பியம், அதில் ஒட்டகத்தையும் சேர்த்திருக்கிறது. எயிற்பட்டினத்துக் கரையில் ஒதுங்கிய அகில் கட்டைகளைப் பார்த்தால் ஒட்டகம் படுத்துத் தூங்குவது மாதிரி இருக்கிறது என்கிறது சிறுபாணாற்றுப்படை. பார்த்த கண்களுக்குத்தான் இப்படி உவமை தோன்றும். ஆனால் ஒட்டகத்தை வைத்துப் பிழைத்த சமூகம் இருந்தது வடமேற்கில், தார் பாலைவனத்தை ஒட்டி. அவர்கள் பெயர் ராய்க்கா. ரபாரி என்றும் சொல்வார்கள்.

தாங்கள் எப்படி உண்டானோம் என்று ராய்க்காக்கள் ஒரு கதை சொல்வார்கள். பார்வதி பொழுதுபோகாமல் களிமண்ணில் ஒரு விநோத மிருகத்தைச் செய்தாள். இதற்கு உயிர் கொடுங்கள் என்று சிவனிடம் அடம். அவரும் கொடுத்தார். எழுந்த மிருகம் அடங்கவில்லை. கண்டபடி ஓடியது, தொல்லை தாங்கவில்லை. இதை மேய்க்க ஓர் ஆள் வேண்டுமே! சிவன் தன் கையிலிருந்தே ஒரு மனிதனை உண்டாக்கினார். அவன்தான் முதல் ராய்க்கா. அதாவது, ஒட்டகத்துக்காக மனிதன் படைக்கப்பட்டான் என்கிறது கதை. அவர்கள் வாழ்ந்ததும் அப்படித்தான்.

ராஜபுத்திர அரசர்களின் ஒட்டக மந்தைகளைப் பார்த்துக்கொண்டவர்கள் இவர்கள்தான். ஒட்டகத்தின் கறியைச் சாப்பிட மாட்டார்கள். ஆண் கன்றுகளை வளர்த்துப் புஷ்கர் மாதிரியான சந்தைகளில் வண்டி இழுப்பவர்களுக்கு விற்பார்கள். வருமானம் அவ்வளவுதான். பெண் ஒட்டகம் சமூகத்தை விட்டு வெளியே போகாது. பால்? அது விருந்தாளிக்கு, வழிப்போக்கனுக்கு, வீட்டுக்கு. மேய்ச்சலுக்குப் போன இடத்தில் எருக்கு இலையைத் தொன்னையாக மடித்து, கறந்த பாலை நுரையோடு ஊற்றிக் குடிப்பார்கள். சாயா போடுவார்கள், பாயசம் வைப்பார்கள். உறைகுத்தித் தயிராக்குவது வழக்கமில்லை.

வழக்கம் இருந்தாலும் சுலபமாக உறையாது என்பது வேறு விஷயம். மோர் விட்டால் நம் வீட்டுத் தயிர் மாதிரி கட்டியாக நிற்காது. கொழகொழவென்று இருக்கும். பசும்பாலின் புரதமும் ஒட்டகப் பாலின் புரதமும் ஒரே மாதிரி கட்டமைப்பு கொண்டவை அல்ல. இதில் கொழுப்புத் துணுக்குகளும் மிகச் சிறியவை. ஒன்றோடொன்று ஒட்டி மேலே மிதந்து வராது. அதனால் ஆடை எடுத்து வெண்ணெய் கடைவதும் பெரும்பாடு.

கறப்பதும் லேசுப்பட்ட காரியமில்லை. மாடு மாதிரி பாலை மடியில் நிறையச் சேர்த்து வைக்காது ஒட்டகம். முதலில் கன்று முட்டிக் குடிக்க வேண்டும். அப்போதுதான் பால் இறங்கும். இறங்கினாலும் ஒன்றரை நிமிடம், போனால் இரண்டு நிமிடம். அதற்குள் கறந்துவிட வேண்டும். இருவர் இரண்டு பக்கமும் நிற்பார்கள். ஒற்றைக் காலில் நின்று, மடக்கிய இன்னொரு காலின் முட்டியில் பாத்திரத்தை வைத்துக்கொண்டு கறப்பார்கள். ஒட்டகத்தின் மடி இருக்கும் உயரம் அப்படி. கன்று செத்துவிட்டால்? அதன் தோலை வைத்துத் தாயை ஏமாற்றும் வித்தை அரேபியாவில் இருந்தது. மங்கோலியாவில் இன்னும் உருக்கம். கன்றை ஒதுக்கும் தாய் ஒட்டகத்தின் பக்கத்தில் உட்கார்ந்து குதிரைத்தலை ஃபிடில் வாசித்துப் பாடுவார்கள், அது மனமிரங்கிப் பால் கொடுக்கும்வரை. இந்தச் சடங்கை யுனெஸ்கோ 2015-ல் அழிவிலிருந்து காக்கவேண்டிய கலாசாரப் பட்டியலில் சேர்த்தது. யாக்கோபு எதற்காகக் குட்டிகளோடு அனுப்பினார் என்று இப்போது புரிகிறதா?

அந்தப் பாலில் அப்படி என்ன இருக்கிறது?

இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் ரூவன் யாகில் என்ற விஞ்ஞானி ஒரு சோதனை செய்தார். கறவை ஒட்டகங்களுக்குத் தண்ணீரைக் குறைத்தார். தாகமெடுத்த மிருகத்தின் பால் கெட்டிப்படும் என்றுதானே நினைப்போம்? தலைகீழாக நடந்தது. பாலில் 87 சதவிகிதமாக இருந்த தண்ணீர் 91 சதவிகிதமாகக் கூடியது. கொழுப்பு சரிந்தது. தாய்க்குத் தண்ணீர் இல்லை, ஆனால் பிள்ளைக்குத் தண்ணீர் கூடுதலாகப் போகிறது. 1980-ல் வெளியான ஆய்வு இது. பாலைவனத்தில் இதைவிடப் பெரிய வரம் எது? 1940-களில் 'வெற்று நிலம்' என்று பெயர்பெற்ற அரேபியப் பெரும் பாலைவனத்தைக் கடந்த ஆங்கிலேயர் வில்ஃப்ரெட் தெசிகர் இதை நேரில் பார்த்தவர். மழை பெய்து பச்சை துளிர்த்திருந்தால் ஒட்டகங்கள் மாதக்கணக்கில் தண்ணீர்ப் பக்கம் போகாது. மேய்ப்பவர்களும் போக மாட்டார்கள். பசிக்கும் பால், தாகத்துக்கும் பால். மனிதன் வாயில் வைக்க முடியாத உப்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு ஒட்டகம் பால் கொடுக்கும்.

காய்கறி, பழம் என்ற பேச்சே இல்லாத ஊரில் பல் ஈறு அழுகாமல் எப்படி வாழ்ந்தார்கள் என்பதற்கும் இங்கே பதில் இருக்கிறது. பசும்பாலில் இருப்பதைப்போல மூன்று முதல் ஐந்து மடங்கு வைட்டமின் சி ஒட்டகப் பாலில் உண்டு. இரும்புச் சத்தும் அதிகம். பசும்பால் அலர்ஜியைக் கிளப்பும் பீட்டா லாக்டோகுளோபுலின் என்ற புரதம் இதில் கிடையாது. அதனால் பசும்பால் ஒத்துக்கொள்ளாத சில குழந்தைகளுக்கு இது ஒத்துக்கொள்கிறது. டாக்டரைக் கேட்காமல் நீங்களாகக் கொடுத்துப் பார்க்காதீர்கள், ப்ளீஸ். இன்னொன்று. லாக்டோஸே இல்லாத பால் என்று சிலர் விளம்பரம் செய்கிறார்கள். சுத்தப் புளுகு. லாக்டோஸ் ஏறக்குறைய பசும்பால் அளவுக்கே இருக்கிறது.

இனி சர்க்கரை. 2007-ல் பிக்கானீர் மருத்துவர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வடமேற்கு ராஜஸ்தானில் ஒட்டகப் பால் குடிக்கும் ராய்க்காக்களிடம் தேடிப் பார்த்ததில் ஒருவருக்கும் சர்க்கரை வியாதி இல்லை. பூஜ்யம்! செய்தி உலகம் முழுக்கப் பறந்தது. 2011-ல் அடுத்தது. இன்சுலின் ஊசி போட்டே தீரவேண்டிய முதல் வகை நீரிழிவு நோயாளிகள் 24 பேர். அதில் 12 பேருக்குத் தினமும் அரை லிட்டர் ஒட்டகப் பால், இரண்டு வருடத்துக்கு. அவர்களுக்குத் தேவைப்பட்ட இன்சுலின் அளவு குறைந்தது. 3 பேருக்கு ஊசியே தேவைப்படவில்லை என்றது அறிக்கை.

கைதட்டுவதற்கு முன்னால் கொஞ்சம் நிதானியுங்கள். 12 பேர் என்பது ஒரு டவுன் பஸ்ஸின் முன்பாதியில் அடங்கிவிடும் கூட்டம். அதை வைத்துக் கோடிக்கணக்கான நோயாளிகளுக்குச் சீட்டு எழுத முடியாது. ராய்க்காக்களின் இன்னொரு வழக்கத்தையும் பாருங்கள். விடிந்தால் அடைந்தால் மந்தைக்குப் பின்னால் நடந்துகொண்டே இருப்பவர்கள். சர்க்கரையை விரட்டியது பாலா, நடையா, இரண்டுமா? சோபாவில் சாய்ந்தபடி ஒட்டகப் பால் மில்க் ஷேக் குடிக்கிற நமக்கு அந்தப் பூஜ்யம் கிடைக்கும் என்று எனக்கு நம்பிக்கையில்லை. இன்சுலினை நிறுத்திவிட்டுப் பாலுக்கு மாறுவது தற்கொலைக்குச் சமம். ஆட்டிசம் விஷயத்திலும் கையில் இருப்பவை சின்னச் சின்ன ஆய்வுகள்தான். குணமாக்கும் என்று சொல்ல அவை போதாது. பச்சையாகக் குடித்தால்தான் சத்து என்பவர்களிடம் கூடுதல் ஜாக்கிரதை. புருசெல்லா காய்ச்சல் கறந்த பால் வழியாகப் பரவும். 2012-ல் சவூதி அரேபியாவில் கண்டுபிடிக்கப்பட்ட மெர்ஸ் வைரஸ் ஒட்டகங்களிடம் இருந்துதான் மனிதனுக்குத் தாவியது. காய்ச்சாத ஒட்டகப் பாலைத் தொடாதீர்கள் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்லிவிட்டது.

பாலை விற்பது கேவலம் என்ற எண்ணம் ராய்க்காக்களுக்கு மட்டும் சொந்தமானதல்ல. சஹாராவின் மேற்குக் கோடியில் இருக்கும் மாரிட்டானியாவிலும் அதே கதைதான். 1970-களிலும் 80-களிலும் அங்கே கடும் வறட்சி. நாடோடிகள் கூட்டம் கூட்டமாகத் தலைநகர் நுவாக்சோட்டில் வந்து குவிந்தார்கள். ஊரைச் சுற்றி ஒட்டகங்கள் நிற்கின்றன. கடையில் விற்பதோ ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வந்த பாலும் பால் பவுடரும்! இதைப் பொறுக்காமல் களத்தில் இறங்கினார் ஒரு பெண்மணி. இங்கிலாந்தில் பிறந்து, இன்ஜினீயரிங் படித்து, மாரிட்டானியாக்காரரைக் கல்யாணம் செய்துகொண்டவர். பெயர் நான்சி அபைதெர்ரஹ்மான். நாடோடிகளிடம் பாலை விலைக்கு வாங்கி, சூடாக்கிச் சுத்திகரித்துப் பாக்கெட்டில் அடைத்து விற்கத் தொடங்கினார். 1989-ல் திறந்த திவிஸ்கிதான் ஆப்பிரிக்காவின் முதல் ஒட்டகப் பால் பண்ணை.

மழைக்காலத்தில் பால் மிஞ்சியது. என்ன செய்யலாம்? சீஸ் போடலாம். ஆனால் பசும்பாலைத் திரிக்கும் நொதி ஒட்டகப் பாலிடம் பாச்சா காட்டவில்லை. ஐக்கிய நாடுகளின் உணவு, விவசாய அமைப்பு ஒரு பிரெஞ்சு நிபுணரை அனுப்பி வழி கண்டுபிடித்தது. உலகத்தில் அதுவரை பலரும் முடியாது என்று சொன்ன ஒட்டகச் சீஸ் தயார். ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி செய்யலாம் என்று நான்சி கதவைத் தட்டினார். ஒட்டகப் பாலுக்கு எங்கள் விதிகளில் இடமே இல்லையே என்று பதில் வந்தது. ஒட்டகப் பால் பொருட்களை ஐரோப்பா உள்ளே விட்டது 2013-ல். அந்த வாய்ப்பும் துபாய் பண்ணைக்குப் போனது. வழி போட்டவர் ஒருவர், வண்டி ஓட்டியவர் இன்னொருவர்.

மறுபடி ராஜஸ்தான். 1990-களின் தொடக்கத்தில் இந்தியாவில் சுமார் 10 லட்சம் ஒட்டகங்கள் இருந்தன. 2012 கணக்கெடுப்பில் 4 லட்சம். 2019-ல் 2.5 லட்சம். எங்கே போயின? வண்டி இழுக்கும் வேலையை டிராக்டரும் மினி லாரியும் பிடுங்கிக்கொண்டன. இந்திரா காந்தி கால்வாய் பாலைவனத்துக்குள் தண்ணீர் கொண்டுவந்தது. மேய்ச்சல் நிலம் வயலானது. அரவல்லி மலைக்காடுகளில் மழைக்காலத்தில் மேய்ப்பது ராய்க்காக்களின் பழைய உரிமை. கும்பல்கர் சரணாலயம் வந்த பிறகு அங்கே வனத்துறையோடு மல்லுக்கட்டு. வருமானம் வந்த ஒரே வழியான ஆண் ஒட்டக வியாபாரமும் படுத்தது. வாங்க வந்தவர்களில் கசாப்புக்கு வாங்குபவர்கள் கூடினார்கள்.

அரசாங்கம் சும்மா இருக்கவில்லை. 2014-ல் ஒட்டகத்தை மாநில விலங்காக அறிவித்தது. 2015-ல் சட்டம் போட்டது. ஒட்டகத்தை வெட்டக்கூடாது, அனுமதியில்லாமல் மாநிலத்தை விட்டு வெளியே கொண்டுபோகக்கூடாது. கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! நடந்தது என்ன தெரியுமா? வெளிமாநில வியாபாரிகள் வருவதைக் குறைத்துக்கொண்டார்கள். புஷ்கர் சந்தையில் விலை பாதாளத்துக்குப் போனது. விற்க முடியாத மிருகத்தை எவ்வளவு நாள் கட்டித் தீனி போடுவது? ராய்க்கா இளைஞர்கள் நகரத்துக்கு வேலை தேடிப் போனார்கள். காப்பாற்ற வந்த சட்டமே மந்தைகளைக் கலைத்துவிட்டது என்பது ஒட்டகக்காரர்களின் குமுறல். எண்ணிக்கையைப் பார்த்தால் அவர்கள் சொல்வதைத் தள்ள முடியவில்லை.

மிச்சமிருந்தது பால் ஒன்றுதான்.

குஜராத்தின் கட்ச் பகுதியில் காரியம் கொஞ்சம் சுமுகமாக நடந்தது. அங்கே காராய் என்று ஓர் ஒட்டக இனம். கடலில் நீந்திப் போய்ச் சதுப்புநிலக் காடுகளில் மேய்ந்துவிட்டு வரும். 2015-ல் தனி இனமாக அங்கீகாரம் பெற்றது. கட்ச் ஒட்டகக்காரர்கள் சங்கம் அமைத்தார்கள். மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-ல் ஒட்டகப் பாலுக்குத் தர நிர்ணயம் செய்தது. அதன் பிறகு 2019 ஜனவரியில் அமுல் நிறுவனம் அரை லிட்டர் பாட்டிலை 50 ரூபாய்க்குக் கடைக்குக் கொண்டுவந்தது.

ராஜஸ்தானில் அமுல் அளவுக்குக் கை நீட்ட ஆளில்லை. 1990-களின் தொடக்கத்தில் அங்கே வந்த இல்ஸ கோலர்-ரோலஃப்சன் என்ற ஜெர்மானியக் கால்நடை மருத்துவர், ராய்க்காக்களின் ஒட்டகங்களுக்கு மருந்து கொடுக்கப்போய் அவர்களோடே தங்கிவிட்டார். கும்பல்கர் மலையடிவாரத்தில் சாத்ரி என்ற ஊரை ஒட்டி அவரும் கூட்டாளிகளும் ஒரு சின்னப் பால் நிலையம் ஆரம்பித்தார்கள். பாலை விற்பதா என்று முகம் சுளித்த பெரியவர்களிடம் பேசிப் பேசித்தான் ஒப்புக்கொள்ள வைக்க முடிந்தது. சிலர் மருந்துக்காகக் கேட்பவர்களுக்கு என்றால் பரவாயில்லை என்று ஒரு சமாதானம் செய்துகொண்டார்கள். காலையில் மலைச்சரிவில் கறந்த பால் நிலையத்துக்கு வரும். சூடாக்கி, பாட்டிலில் அடைத்து, கல் மாதிரி உறையவைத்து, ஐஸ் பெட்டியில் ரயிலேற்றுவார்கள். அதை வாங்குவோரில் கணிசமானவர்கள் தூரத்து நகரங்களில் இருக்கும் ஆட்டிசக் குழந்தைகளின் பெற்றோர்கள்.